எழுபத்தைந்து ஓம்

போன மாதம் முழுக்க என் மேஜை மேல் இரண்டு இயர்போன்கள் கிடந்தன. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை மச்சானுக்குக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. அவனும் இரண்டு தடவை கேட்டுவிட்டான். என்னால் முடிவு பண்ண முடியவில்லை.

முதலாவது ரிச்சி தெருவில் 1,400 ரூபாய்க்கு வாங்கியது. ஷென்ஜென் சரக்கு. உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் வெளியே தெரிகிற மாதிரி கண்ணாடி உடம்பு. காதில் வைத்ததும் ஆளைத் தூக்கிவிடும். மிருதங்கம் கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம்: தொப்பி குமுறும், வலந்தலை தெறிக்கும், பாடுகிறவர் மட்டும் இரண்டடி பின்னால் போய் நிற்பார். கீழ்ஸ்தாயியையும் மேல்ஸ்தாயியையும் தூக்கிவிட்டு நடுவைப் பள்ளமாக்கும் இந்த ஒலிக்குணத்துக்கு ‘வி ஷேப்’ என்று பெயர். அளந்து வரைந்தால் கோடு அப்படித்தான் வரும்.

இரண்டாவது, எட்டிமோட்டிக் ஈஆர்-4பி. அமெரிக்காவில் பத்து வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிவந்த சக ஊழியர் ஒருவர் வீட்டை ஒழிக்கும்போது என்னிடம் தள்ளிவிட்டது. பென்சில் துண்டு மாதிரி ஒரு கறுப்புக் குழாய், அதன் முனையில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று ரப்பர் குடைகள். அந்தக் குடை காதுக்குள் எவ்வளவு ஆழம் போகிறதென்றால், முதல் தடவை போடுகிறவர்கள் பயந்து வெளியே எடுத்துவிடுவார்கள். போட்டுவிட்டால் உலகம் அடங்கிவிடும். பாடுகிறவர் நேர் எதிரே வந்து உட்காருவார். எச்சில் விழுங்குவது கேட்கும். பின்னால் தம்புரா ஒரு இழை விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் எண்பதுகளின் இளையராஜா பாட்டைப் போட்டால், அந்த பேஸ் கிட்டாருக்கு சுருதி இருக்கும், எடை இருக்காது. சாப்பாட்டில் எல்லாம் இருந்தும் உப்பு குறைந்த மாதிரி.

இது வெறும் ரசனைப் பிரச்சினையாக இருந்திருந்தால் காசைச் சுண்டிப் போட்டு முடித்திருப்பேன். இடையில் ஒரு காகிதம் வந்து சேர்ந்தது.

*

அலுவலகத்தில் வருஷா வருஷம் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் இந்தத் தடவை காதும் சேர்ந்திருந்தது. கண்ணாடி வைத்த சின்ன அறை. ஆடியாலஜிஸ்ட் பெண் ஒரு மஞ்சள் ஃபோம் உருண்டையை விரலால் உருட்டி ஒல்லியாக்கி என் காதில் வைத்தார். அது மெதுவாக விரிந்து காதை அடைத்தது. அதிலிருந்து ஒரு மெல்லிய ட்யூப் போனது. கீச், கூச் என்று சத்தம் வர வர பட்டனை அழுத்த வேண்டும். பத்து நிமிஷம்.

வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “சார், நீங்க ஃபேக்டரில வேலை பாக்கறீங்களா?”

“இல்ல மேடம். சாஃப்ட்வேர்.”

“அப்ப ஹெட்ஃபோனா?”

வரைபடத்தில் என் இடது காதின் கோடு எல்லா இடத்திலும் சரியாகப் போய், 4,000 ஹெர்ட்ஸில் மட்டும் 35 டெசிபலுக்குத் தொப்பென்று விழுந்து, அதைத் தாண்டி மறுபடி எழுந்திருந்தது. இரைச்சலில் வேலை பார்க்கிறவர்களின் காதில் முதலில் விழுகிற பள்ளம் இது. காரணம் எளிமையானது. நம் காதுக்குழாய் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு பக்கம் மூடிய குழாய். புல்லாங்குழல் மாதிரி அதற்கென்று ஒரு சுருதி உண்டு. அது கிட்டத்தட்ட 3,000 ஹெர்ட்ஸில் விழுகிறது. அந்தப் பகுதிச் சத்தத்தை வெளியே இருப்பதைவிடக் கூட்டியே அது செவிப்பறைக்கு அனுப்புகிறது. அதனால் அடி விழுவதும் அந்த வட்டாரத்தில்தான், சரியாகச் சொன்னால் அதற்குக் கொஞ்சம் மேலே.

இந்தப் பள்ளத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அப்பாவின் காகிதத்தில். அப்பா சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் முப்பது வருஷத்துக்கு மேல் தறி ஓட்டினவர். விசைத்தறியில் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய் அடித்துத் திரும்பும். ஒரு குடோனில் அப்படி எத்தனையோ தறிகள். உள்ளே பேசுவதெல்லாம் கை ஜாடைதான். அவர் காதில் பஞ்சு வைத்துக்கூட நான் பார்த்ததில்லை. அவர் கோடு 2,000-த்திலேயே இறங்க ஆரம்பித்து மேலே எழுந்திருக்கவே இல்லை. ஆனால் அதுவும் ஒரு காலத்தில் என்னுடையது மாதிரி ஒற்றைப் பள்ளமாகத்தான் தொடங்கியிருக்கும்.

அவருடையது கூலிக்காக வந்தது. என்னுடையதை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். ஓப்பன் ஆஃபீஸ், எலெக்ட்ரிக் ட்ரெயின், பத்துப் பன்னிரண்டு வருஷம்.

அந்த ஃபோம் உருண்டையைப் பற்றி அப்புறம் வீட்டில் தேடிப் படித்தேன். படித்தது வேறெங்கோ இழுத்துக்கொண்டு போனது.

*

காதுக்குள் வைக்கும் கருவி நாம் நினைப்பதைவிடப் பழசு. 1881-இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் க்ளெமாங் அதேர் என்ற பொறியாளர் ஒபேரா மேடையில் மைக்குகளை வைத்து, கண்காட்சி அறையில் நிற்பவர்களின் இரு காதுகளுக்கும் தனித்தனி டெலிஃபோன் வழியாகப் பாட்டைக் கேட்க வைத்தார். 1890-இல் அதுவே ‘தியாத்ரஃபோன்’ என்ற சந்தா சேவையானது. மார்செல் ப்ரூஸ்த்கூட சந்தாதாரர்தான். 1891-இல் எர்னஸ்ட் மெர்காதியே என்ற இன்னொரு பிரெஞ்சுப் பொறியாளர் காதுத் துளைக்குள் செருகும் இரட்டை டெலிஃபோனுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். ஐம்பது கிராமுக்குள் எடை. காதை உறுத்தாமல் இருக்கவும் வெளிச்சத்தம் நுழையாமல் இருக்கவும் முனையில் ரப்பர் உறை. படத்தைப் பார்த்தால் போன வருஷத்து மாடல் என்று நம்பலாம்.

ஆனால் என் மேஜை மேல் கிடக்கும் எட்டிமோட்டிக்குக்கு நேரடி மூதாதை வேறொருவர்: யூட்டாவைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின். மார்மன். பலதார மணத்தை ஆதரித்ததால் ஆசிரியர் வேலையை இழந்தவர். கோயில் மண்டபத்தில் பிரசங்கம் சரியாகக் காதில் விழவில்லை என்பதில்தான் அவருடைய ஆராய்ச்சி தொடங்கியது என்பார்கள். 1910-இல் தான் செய்த ஒரு ஜோடி காதுக்கருவியை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பிவைத்தார். வண்ணக் காகிதத்தில் ஊதா மையால் எழுதிய கடிதத்தோடு. கடற்படைக்காரர்கள் ஏதோ கிறுக்கன் என்று நினைத்திருக்க வேண்டும். போட்டுப் பார்த்தபோது அவர்கள் அதுவரை வைத்திருந்ததையெல்லாம்விடக் கூர்மையாகக் கேட்டது. ஆர்டர் கொடுத்தார்கள். ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் செய்ய முடியாது என்று பதில் வந்தது. ஏனென்றால் அவர் அவற்றைச் செய்துகொண்டிருந்தது வீட்டுச் சமையலறையில்.

(நம் ஊரில் இருந்திருந்தால் அவர் சம்சாரம் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.)

பால்ட்வினின் கருவிக்குள் இருந்த உத்திதான் முக்கியம். சாதாரண டெலிஃபோனில் மின்காந்தம் ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும், விடும். தகடு எப்போதும் ஒரு பக்கம் இழுபட்டே நிற்கும். பால்ட்வின் ஒரு சின்ன இரும்பு நாக்கைக் காந்தங்களுக்கு நடுவில் இரு பக்கமும் சம இழுப்பில் நிறுத்தினார். தராசு முள் மாதிரி. துளி மின்சாரம் வந்தாலும் சமநிலை கலைந்து நாக்கு ஆடும். அந்த ஆட்டத்தை ஒரு மெல்லிய கம்பி மைக்காத் தகட்டுக்குக் கொண்டுபோகும். ‘பேலன்ஸ்டு ஆர்மேச்சர்’ என்று பெயர். ரேடியோ அலையிலிருந்து வரும் நூலிழை மின்சாரத்தைக் கேட்க இதைவிடப் பொருத்தமானது அன்று இல்லை. முதல் உலகப்போரும் அதற்குப் பின் வந்த ரேடியோ மோகமும் பால்ட்வினைப் பணக்காரர் ஆக்கின. பிறகு தொழிலில் நொடித்து, வழக்கில் சிக்கி, சிறைக்கும் போய்வந்தார். அந்தக் கதை தனி.

பிறகு ஒலிபெருக்கிகளும் மூவிங் காயில் ஹெட்ஃபோன்களும் வந்தன. சுருளையும் சவ்வையும் சேர்த்து ஆட்டும் இந்த ‘டைனமிக்’ வகைதான் இன்றும் பெரும்பாலான இயர்போன்களில் இருப்பது; என் ரிச்சி தெருக்காரரும் இந்த வம்சம்தான். தராசு நாக்குக்குப் போக்கிடம் வேறாக அமைந்தது. செவித்திறன் கருவிகள். அங்கே பேட்டரி சின்னது, இடம் சின்னது, ஒவ்வொரு மில்லிவாட்டும் முக்கியம். 1946-இல் சிகாகோ பக்கம் ஹியூ நோல்ஸ் தொடங்கிய நோல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ், தராசு நாக்கை அரிசி கணக்காகச் சிறிதாக்கி உலகம் முழுக்க விற்றது. அப்பாவின் காதுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மிஷினிலிருந்து உள்ளே இறங்கும் மெல்லிய வயரின் நுனியில் இருப்பதும் அதே வகை.

*

நோல்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர் மீட் கிலியன். அவர் காலத்தில் செவித்திறன் கருவி என்றால் தகர டப்பா சத்தம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். காது கேட்காதவருக்கு இது போதும் என்கிற மனோபாவம். கிலியன் ஒத்துக்கொள்ளவில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 1979-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பிலேயே ‘உயர்தர ஒலி’யையும் ‘செவித்திறன் கருவி’யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கருவி வழியாக வரும் இசையை நல்ல ஸ்பீக்கர்களோடு ஒப்பிட்டு ஆட்களைக் கேட்க வைத்து, சின்னக் கருவியாலும் ஈடுகொடுக்க முடியும் என்று காட்டினார். 1983-இல் இல்லினாயில் எட்டிமோட்டிக் ரிசர்ச்சைத் தொடங்கினார். பெயருக்கு அவர்கள் சொல்லும் பொருள், ‘காதுக்கு உண்மையாக’.

அவர்களுடைய முதல் பொருட்கள் பாட்டுக் கேட்பதற்கானவை அல்ல. காது பரிசோதனைக்கானவை. ஃபோம் உருண்டை, ட்யூப், அதன் வழியே அளந்து விடப்பட்ட ஒலி. பச்சைக்குழந்தைகளின் செவித்திறனைச் சோதிக்கும் இடங்களில் ஈஆர்-3ஏ என்ற அந்தக் கருவி உலகெங்கும் புழங்குகிறது. கண்ணாடி அறையில் என் காதில் வைக்கப்பட்டது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1991-இல் அதே அறிவை இசைக்குத் திருப்பி ஈஆர்-4 வந்தது. ஆக, என் இடது காதில் பள்ளம் இருக்கிறது என்று சொன்ன கருவியும், பள்ளத்தோடு எதைக் கேட்பது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கருவியும் அண்ணன் தம்பிகள்.

கிலியனுக்கு முன்னால் இருந்த கணக்கு இது. காதை ரப்பரால் அடைத்ததும் அந்தக் காதுக்குழாய்ப் புல்லாங்குழல் இல்லாமல் போகிறது. 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் இயற்கையாகக் கிடைத்துக்கொண்டிருந்த தூக்கல் காணாமல் போகிறது. இயர்போனை ‘சமமாக’ ஒலிக்கும்படி செய்தால் கேட்பவருக்கு எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். எனவே இழந்த தூக்கலைக் கருவியே திருப்பிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு? ஒன்றும் மாட்டாமல் ஒரு கூடத்தில் உட்கார்ந்திருந்தால் செவிப்பறையில் எவ்வளவு விழுமோ அவ்வளவு. கூடுதலும் கூடாது, குறைவும் கூடாது. தொப்பிக்கு எடை வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவது அவர் பிரச்சினை இல்லை.

ஆனால் இந்த ‘உண்மை’யிலேயே மூன்று வகை வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ஈஆர்-4பி’ அல்ல, ஆங்கில பி-க்கு முந்தைய உச்சரிப்பு வேறு. தமிழில் இரண்டுமே ‘பி’ என்று விழுந்து குழப்புகிறது. பைனாரல் பதிவுகளுக்கென்று ஒன்று: மேல்ஸ்தாயி முழுசாக இருக்கும். கடையில் விற்கும் இசைத்தட்டுகளுக்கென்று ‘எஸ்’: தட்டுகளே கொஞ்சம் பளிச்சென்று கலக்கப்படுவதால் மேலே சற்றுக் குறைத்தது. பிறகு, கையடக்க ப்ளேயர்களால் ‘எஸ்’ஸை ஓட்ட முடியவில்லை என்று வந்தது என்னிடம் இருக்கும் போர்ட்டபிள் ‘பி’: குறைந்த மின்சாரத்தில் ஓடும், பேஸ் ஒரு கை கூட, மேலே இன்னும் கொஞ்சம் மென்மை.

இந்த ‘பி’யை ‘எஸ்’ ஆக்க ஒரு சின்ன வயர் உண்டு. அதற்குள் இருப்பது காதுக்கு ஒன்றாக 75 ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான். (மந்திர ஓம் இல்லை, மின்தடை ஓம். ஆனால் விளைவைக் கேட்டால் மந்திரமோ என்று சந்தேகம் வரும்.) நான் வயரைத் தேடி அலையவில்லை. ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்கு ஊதா, பச்சை, கறுப்புக் கோடு போட்ட ரெசிஸ்டர்கள் இரண்டு வாங்கி, ஒரு பழைய நீட்டிப்பு வயரை வெட்டி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சால்டரிங் பண்ணினேன். ஒரு விரல் சுட்டது. நன்றாக வேலை செய்தது.

எப்படி வேலை செய்கிறது? ‘பி’யின் இம்பீடன்ஸ் ஏறத்தாழ 27 ஓம். ஆனால் அது எல்லா சுருதிக்கும் ஒன்றல்ல. உள்ளே இருப்பது கம்பிச்சுருள். அதிர்வெண் கூடக் கூட அது மின்சாரத்தை அதிகம் எதிர்க்கும். 75 ஓமைத் தொடராக வைத்தால் வருகிற மின்னழுத்தத்தை இருவரும் பங்குபோட வேண்டும். கீழ்ஸ்தாயியில் சுருளின் எதிர்ப்பு கம்மி, ஆகவே அதன் பங்கு கால்வாசிதான். மேல்ஸ்தாயியில் எதிர்ப்பு எகிறுவதால் பங்கும் பெருசு. மொத்த சத்தம் இறங்குகிறது, அதில் கீழ் நிறைய இறங்குகிறது, மேல் கொஞ்சமாக இறங்குகிறது. காதுக்கு, வலந்தலை முன்னால் வந்த மாதிரி இருக்கிறது. பொறியியல் கல்லூரியில் இரண்டாம் செமஸ்டரில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் பண்ணின சமன்பாடு. அதன் சத்தத்தை நான் முதல் தடவை கேட்டது முப்பத்தாறு வயதில்.

*

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது வெளியுலகம் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. 1979-இல் சோனி வாக்மேன். 2001-இல் ஐபாட், அதன் வெள்ளை இயர்பட்கள். காதின் வாசலில் சும்மா தொங்கும் இவை எதையும் அடைப்பதில்லை. அடைக்காவிட்டால் பேஸ் ஒழுகிப் போய்விடும். வெளிச்சத்தமும் தாராளமாக உள்ளே வரும். பஸ்ஸில் பேஸ் கேட்க வேண்டுமானால் வால்யூமைக் கூட்டு. ஒரு தலைமுறையே கூட்டியது. நானும்.

மேடைக்காரர்களுக்கு இதே பிரச்சினை இன்னும் மோசமாக இருந்தது. தன் காலடியில் வைத்த மானிட்டர் ஸ்பீக்கரில் தன் குரலைக் கேட்க வேண்டும், பக்கத்தில் டிரம்ஸ், அதை மீறிக் கூட்ட வேண்டும், அவர் கூட்டினால் இவர் கூட்டுவார். ஸ்டீவன் ஆம்ப்ரோஸ் போன்றவர்கள் எழுபதுகளிலேயே காதுக்குள் வைக்கும் மானிட்டர்களைச் செய்து பார்த்தார்கள். 1995-இல் வான் ஹேலன் குழுவின் டிரம்ஸ்காரர் அலெக்ஸ் வான் ஹேலனின் காதுகள் தாங்க முடியாத நிலைக்கு வந்தபோது, அவருடைய மானிட்டர் இன்ஜினியர் ஜெரி ஹார்வி அவர் காதின் அச்சில் ஒரு கருவி செய்தார். கீழுக்கு ஒன்று, மேலுக்கு ஒன்று என இரண்டு தராசு நாக்குகள். அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் அதிலிருந்துதான் பிறந்தது. கிலியனின் ஒற்றை நாக்கு எடையில்லாமல் போன இடத்தில், ஹார்வி இன்னொரு நாக்கைப் போட்டு எடையைக் கொண்டுவந்தார். டிரம்ஸ்காரருக்குத் தன் கிக் டிரம் நெஞ்சில் இடிக்க வேண்டாமா? பிறகு மூன்று, நான்கு, எட்டு என்று நாக்குகளின் எண்ணிக்கையையே தரமாக விற்ற ஒரு காலம் வந்து போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கேமராவின் மெகாபிக்சல் சண்டை மாதிரிதான்.

அசல் திருப்பம் 2012-க்குப் பிறகு வந்தது. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஓலிவ், டாட் வெல்டி முதலானவர்கள் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள். எது உண்மை என்று கேட்பதற்குப் பதில், கண்ணைக் கட்டிவிட்டால் ஜனங்கள் எதை விரும்புகிறார்கள்? இன்-இயர் ஆய்வுக்கு அவர்கள் செய்த தந்திரம் அழகு. முப்பது மாடல்களின் ஒலிக்குணத்தை அளந்து, அவை எல்லாவற்றையும் ஒரே இயர்போனுக்குள் மென்பொருள் வழியாக வேஷம் கட்டி ஆட விட்டார்கள். கேட்பவருக்கு பிராண்டும் தெரியாது, விலையும் தெரியாது, காதில் உறுத்தும் விதம்கூட மாறாது. பெரும்பாலானோர் தேர்ந்தெடுத்தது, நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கர் மாதிரி ஒலிப்பதை. கிலியனின் கோட்டிலிருந்து அது ரொம்ப தூரமில்லை. பேஸ் மட்டும் தெளிவாக மேலே. ஆனால் எல்லோரும் ஒரே அணியில் இல்லை. ஹெட்ஃபோன்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இந்தக் கோட்டின் பக்கம்; ஒரு சிறு கூட்டம் இன்னும் பேஸ் கேட்டது; மற்றொரு கூட்டம் பேஸைக் குறைக்கச் சொன்னது. குறைக்கச் சொன்னவர்களில் பெண்களும் ஐம்பதைத் தாண்டியவர்களும் அதிகம்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-இல் யெரூன் ப்ரேபார்ட் என்பவர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை எடுத்துப் பார்த்தார். விலைக்கும் ஒலிக்குணத்துக்கும் தொடர்பே இல்லை. இதைப் படித்த அன்று எனக்கு நிம்மதியாகவும், பழைய பில்களை நினைத்து எரிச்சலாகவும் இருந்தது. ஷென்ஜெனும் செங்டுவும் இன்று இரண்டாயிரம் ரூபாய்க்குள் அந்தக் கோட்டை அச்சாகப் பிடித்துக் கொடுக்கின்றன. நான் ரிச்சி தெருவில் வாங்கியது அப்படிப்பட்டதல்ல. பெட்டியின் மேல் எழுதியிருந்த ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ஸை நம்பி வாங்கினேன்.

கோடு கையில் இருப்பதாலேயே எல்லாம் தீர்ந்துவிடாது. அந்தக் கோடுகளெல்லாம் செயற்கைக் காதுகளில் அளந்தவை. நோல்ஸ் நிறுவனம் 1972-இல் செய்த கீமார் என்ற பொம்மைத் தலை அதில் பிரபலம். பெரியவர்கள் பலரின் அளவுகளைச் சராசரி பண்ணிச் செய்த தலை. சராசரிக் காது என்று ஒன்று எந்த மனுஷனுக்கும் இல்லை. ரப்பர் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனால் ஒரு சத்தம், வெளியே வந்தால் ஒரு சத்தம். அதிலும் என்னுடையது 4,000-இல் குழி விழுந்த காது.

*

சரி, முடிவுக்கு வருவோம். முதலில் இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்துக் கேட்கக் கற்றுக்கொண்டேன். இதைச் செய்யாதவர்களின் ஒப்பீடு எதையும் நம்பாதீர்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே மனசு அதைச் ‘சத்தம்’ என்று சொல்லாது, ‘தெளிவு’ என்று சொல்லும். சமமாக வைத்ததும் ரிச்சி தெருக்காரரின் பாதி வசீகரம் போய்விட்டது.

பிறகு ட்ரெயினில் சோதித்தேன். கிண்டியிலிருந்து தாம்பரம். பாட்டு நன்றாகக் கேட்கிறது என்று எனக்குத் தோன்றும் இடத்தில் நிறுத்திவிட்டு, ஃபோன் காட்டும் டெசிபல் கணக்கைப் பார்ப்பது. ரிச்சி தெருக்காரருக்கு 91. ஈஆர்-4-க்கு 76. ஃபோனின் கணக்கு தோராயம்தான், ஆனால் பதினைந்து டெசிபல் வித்தியாசம் தோராயமல்ல. ட்ரெயினின் உறுமல் கீழ்ஸ்தாயியிலேயே உட்கார்ந்திருப்பதால், பேஸுக்காக வாங்கிய இயர்போனில் முதலில் மூழ்குவதே பேஸ்தான். அதை மீட்க நான் கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83-க்கு 20, 86-க்கு 10, 89-க்கு 5, 92-க்கு இரண்டரை. என் ட்ரெயின் பயணம் மட்டுமே வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம்.

ரெசிஸ்டர் போட்டா, போடாமலா? இதில் கொஞ்சம் தத்தளித்தேன். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெச்சரும் மன்சனும் 1933-இல் காட்டியபடி, சத்தத்தைக் குறைத்தால் நம் காது கீழ்ஸ்தாயியைத்தான் முதலில் கைவிடும். தாழ்ந்த வால்யூமில் கேட்பதாக இருந்தால் பேஸைச் சற்றுத் தூக்குவது பொய்யல்ல. குறைந்ததைத் திருப்பிக் கொடுப்பதுதான். எட்டிமோட்டிக்கே 2016-இல் தன் ஈஆர்-4-ஐ இரண்டாகப் பிரித்து, பேஸ் தூக்கிய எக்ஸ்ஆர் என்று ஒன்றை விட்டது. எனக்கு ரெசிஸ்டர் இல்லாத ‘பி’. ரிச்சி தெருக்காரர் மச்சானுக்கும் போகவில்லை. தெரிந்தே அவனுக்கு எப்படிக் கொடுப்பது? டிராயரில் கிடக்கிறது. மச்சானுக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்தேன். கஞ்சன் என்று இப்போது சொல்வதில்லை.

சால்டரிங் பண்ணின வயர் சும்மா கிடந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பையில் அதுவும் இருந்தது. அப்பா மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார், பார்த்துக்கொண்டு மட்டும்தான். “அப்பா, இதுல ஒரு பாட்டுக் கேளுங்க” என்று லேப்டாப்பில் செருகி, ரப்பர் குடைகளை அவர் காதில் நானே வைத்தேன். முதலில் ரெசிஸ்டர் இல்லாமல். தலையை ஆட்டினார், மரியாதைக்கு. அப்புறம் 75 ஓமைச் சேர்த்து, இறங்கின சத்தத்தை ஈடுகட்டி அளவாகக் கூட்டினேன். இரண்டாவது சரணத்தில் அவர் விரல் நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்தது.

“இப்பத்தான் கண்ணு வார்த்தை விளங்குது” என்றார். மற்றவர்களுக்குக் கூச்சமாகத் தெரியும் மேல்ஸ்தாயிதான் அவரிடம் மிச்சமே இல்லாதது.

பாட்டு முடிந்தது. அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் முகம் மாறியது. சட்டென்று இரண்டையும் பிடுங்கிவிட்டார்.

“என்னாச்சுப்பா? வலிக்குதா?”

“இல்ல சாமி. காதை அடைச்சுட்டு சும்மா உக்காந்தா தறி ஓடுது.”

நான் கிலியனைப் பாராட்டிக்கொண்டிருந்த அந்த நிசப்தம். அதற்குள் அவருக்கு முப்பது வருஷத்துச் சத்தம் இருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். வேலையை விட்டதிலிருந்தே இருக்கிறதாம். யாரிடமும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே இயர்போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“பாட்ட மொதல்ல ஓட விடு. அப்பறம் மாட்டு.”